காலுறையில் செருகிய கத்தி

அந்தக் காலத்தில் ஆடு பேசும், காக்கை பேசும், ஆற்றில் நீர்நாய் பேசும். மனிதர்கள்தான் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். மற்றதெல்லாம் மாறிவிட்டது, அது மட்டும் மாறவில்லை. இந்தக் கதையில் சிரிப்பதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதுவும் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

வடக்கே, எத்தனையோ கடல் தாண்டி, ஒரு மலைநாடு. மழை பெய்யாத நாளை அங்கே கைவிரலில் எண்ணிவிடலாம். அந்த நாட்டு ஆண்கள் கட்டம் போட்ட கம்பளித் துணியை இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வைத்து முழங்கால் வரை கட்டுவார்கள். கில்ட் என்று பெயர். பாவாடையா என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம் ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவனும் அதே உயரத்தில்தான் நிற்கிறான். முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டுக் கம்பளிக் காலுறை. அதற்கும் கீழே மான்தோல். ஒற்றைத் துண்டாக வெட்டி, பாதத்தைச் சுற்றி மடித்துத் தைத்து, நீளமான தோல்வாரால் கணுக்காலுக்கு மேலே சுற்றிக் கட்டுவது. செருப்பு என்றால் குறைவு, ஷூ என்றால் கூடுதல். நான் செருப்பு என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தச் செருப்பில் சுற்றிலும் ஓட்டை இருக்கும். கிழிந்த ஓட்டை இல்லை, குத்தூசியால் பார்த்துப் பார்த்துப் போட்ட ஓட்டை. வழியெல்லாம் ஓடையும் சேறும். தண்ணீர் உள்ளே வந்தால் அடுத்த அடியில் வெளியே போய்விட வேண்டும். அதற்காக.

அங்கே மோராக் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே தம்பி, ரோரி. தாயும் தகப்பனும் ஒரே குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். அப்போது அவளுக்குப் பதினான்கு, அவனுக்கு நான்கு. தோளில் போட்டு வளர்த்தாள். பெண் கேட்டு வந்தவர்களை "தம்பி பெரியவனாகட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். தம்பி பெரியவனானபோது கேட்டு வர ஆளில்லை. அதற்காக அவள் ஒருநாளும் புலம்பியதில்லை. ஆனால் கோபக்காரி. தன்னை யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள், தம்பியை ஒரு சொல் சொன்னால் முகம் சிவந்துவிடும்.

ரோரிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், சமவெளி ஊரில், ஷோனா என்ற பெண்ணைப் பிடித்துப்போனது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஷோனாவுக்கும் தாய் தகப்பன் இல்லை. அத்தை மெய்ரிதான் வளர்த்தவள், அந்த வீட்டில் மெய்ரி வைத்ததுதான் சட்டம். பலகை பாவிய தரை, மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல வைத்திருப்பாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மோராக்கும் ரோரியும் ஆற்றைக் கடந்து போனார்கள். வாசற்படி தாண்டி ரோரி ஓரடி வைத்தான். சளக். இன்னோர் அடி வைத்தான். சளக். செருப்பின் ஓட்டையெல்லாம் தண்ணீரைத் துப்பின. மெய்ரி எழுந்து வந்தாள். ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள், குனிந்தாள், அவன் வைத்த ஒவ்வொரு தடத்தையும் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் நின்றால் அவளும் நின்றாள்.

"மாப்பிள்ளை வரும்போது ஆத்தையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டாரு!" என்றான் பெண்வீட்டு ஆள் ஒருவன். வீடே சிரித்தது.

"பழகிக்கிறேன்ப்பா. இனி வருசம் பூரா இந்தத் துணிக்கு ஓய்வில்லை" என்றாள் மெய்ரி.

மெய்ரி கெட்டவள் இல்லை. சுத்தக்காரி, கொஞ்சம் வாய் நீளம், அவ்வளவுதான். ரோரியே எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். சிரிக்காதவள் மோராக் ஒருத்திதான்.  போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது ஆற்றங்கரையில் நின்று சொன்னாள். "கல்யாணத்தன்னைக்கு உன் காலு அந்த வீட்டுக்குள்ள காய்ஞ்சுதான் போகும். ஒரு சொட்டு விழாது. பார்த்துக்க."

"விடுக்கா. அவங்க சும்மா விளையாட்டுக்குச் சொன்னாங்க."

"விளையாட்டா? எனக்கு விளையாட்டு இல்லை."

இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் நல்லதுக்கென்று வைத்த வழக்கங்கள்தான்.

முதலாவது, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. இருபது வருடம் முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய பகை கிளம்பி, ஒருவன் மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்துக் குத்தினான். செத்தது ஷோனாவின் தகப்பன், மெய்ரியின் அண்ணன். குழந்தை அப்போது தொட்டிலில். அதிலிருந்து ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊர் எல்லைக்கல்லிலேயே கத்தியையெல்லாம் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

இரண்டாவது, அக்காள் முடிச்சு. கல்யாணக் காலையில் மாப்பிள்ளையின் செருப்பு வாரை உடன்பிறந்தவள்தான் கட்டுவாள், அடுப்படியில் உட்கார வைத்து. அந்த முடிச்சைப் பெண்வீட்டில், மணப்பெண்தான் தன் கையால் அவிழ்க்க வேண்டும். வழியில் அவிழ்ந்தால் அந்தக் கல்யாணம் நிலைக்காது என்பார்கள். அவிழ்ந்து நிலைக்காமல் போன கல்யாணம் எதையும் யாரும் பார்த்ததில்லை. ஏனென்றால் யாரும் அவிழ்த்ததில்லை.

மோராக் வேலையை ஆரம்பித்தாள். முதலில் காலுறை. வீட்டில் இருந்த மூன்று ஜோடியையும் எடுத்துப் பரப்பினாள். சாம்பல், பாசிப்பச்சை, கறுப்பு.

"இந்தச் சாம்பலே நல்லாத்தானே இருக்கு" என்றான் ரோரி.

"சாம்பல் ஆடு மேய்க்கப் போறதுக்கு. பச்சை சந்தைக்கு. கறுப்பு எழவு வீட்டுக்கு. கல்யாணத்துக்கு வெள்ளை வேணும்."

அவர்கள் கொட்டிலில் வெள்ளைச் செம்மறி ஒன்று இருந்தது. நாலு குட்டி போட்ட ஆடு. மோராக் கத்தரியோடு போய் நின்றதும் அதுவே எழுந்து வந்து முதுகைக் காட்டியது.

"எடுத்துக்க. ரோரி கல்யாணத்துக்குக் குடுக்காம வேற எதுக்கு வச்சிருக்கேன்? ஆனா ஒண்ணு, ரொம்பக் கழுவிடாத."

"கழுவாம எப்படி? மஞ்சளா, பிசுபிசுன்னு, வாடை வேற."

"அந்தப் பிசுபிசுப்பு இருக்கிறதாலதான் மழை என் மேல நிக்காம வழிஞ்சு ஓடுது. அதைக் கழுவி எடுத்துட்டா இந்த ரோமம் தண்ணியைக் குடிக்கும். குடிச்சதைச் சீக்கிரம் விடாது."

"உன்னை யார் யோசனை கேட்டா?"

"யாரும் கேக்கலை. என் ரோமம், அதனால சொல்றேன்."

மோராக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் கரைத்த வெந்நீரில் மூன்று தடவை கழுவினாள். கம்பளி வெளுத்து, பூப்போல உதிரி உதிரியாக வந்தது. பதினாறு நாள் உட்கார்ந்து பின்னினாள். கெண்டைக்காலில் தடிமனான முறுக்குப் பின்னல், மேலே அழகாக மடிப்பதற்கு நாலு விரல் அகலத்தில் பட்டை. அந்த மலையில் அவ்வளவு வெள்ளையான, அவ்வளவு கனமான காலுறையை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்து செருப்பு. தேர்ந்த மான்தோல், இரண்டு மடங்கு கனம். தையலை நெருக்கி நெருக்கிப் போட்டாள். தையல் மேல் கொழுப்பும் பைன் மரப் பிசினும் காய்ச்சிப் பூசினாள். கணுக்காலுக்கு மேலே வரும்படி விளிம்பை உயர்த்தினாள். ஓட்டை போடவில்லை. ஒன்றுகூட.

வாருக்கான பதனிடாத பச்சைத்தோலை ஊறவைக்க ஆற்றுத்துறைக்குப் போனாள். செருப்பையும் கையோடு எடுத்துப் போயிருந்தாள். அந்தத் துறையில் ஆற்றின் குறுக்கே பதினோரு கல் போட்டிருக்கும், அதில் கால் வைத்துத்தான் கடப்பார்கள். அங்கே ஒரு நீர்நாய் குடியிருந்தது. ஆற்றில் இறங்குகிற எவனும் அதைக் கேட்காமல் இறங்க மாட்டான். "எப்படி இருக்கு இன்னிக்கு?" என்று கேட்டால், "கரண்டைக்கால் ஆழம், அஞ்சாவது கல் ஆடுது, பார்த்துப் போ" என்று சொல்லும். எப்போதும் சிடுசிடுப்புதான். ஆனால் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. போன வசந்தத்தில் அதன் குட்டி ஒரு மீன்வலையில் சிக்கி மூச்சுத் திணறியபோது, மோராக்தான் தன் இடுப்புக் கத்தியால் வலையை அறுத்து மீட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து அதற்கு அவள் மேல் தனிப் பிரியம்.

நீர்நாய் செருப்பை மோந்து பார்த்தது. சுற்றி வந்து பார்த்தது.

"ஓட்டை எங்க?"

"இதுல ஓட்டை கிடையாது."

"மறந்துட்டியா?"

"மறக்கலை. வேணாம்னுதான் போடலை. என் தம்பி காலு நனையக் கூடாது."

"அட, இவ பேசுறதைப் பாரு! பாதம் நுழைய மேல வாய் திறந்துதானே இருக்கு? தண்ணியும் அது வழியாத்தான் நுழையும். நீ வாசலைத் திறந்து போட்டுட்டுக் கொல்லைக் கதவை அடைச்சு வச்சிருக்க. வந்தது எப்படிப் போகும்?"

"அவன் கல்லு மேலதான் நடப்பான். தண்ணியே படாது."

"மேல பனி இளகுது மோராக். கல்யாணத்தன்னைக்குக் கல்லு எங்க இருக்கும்னு எனக்கே தெரியாது. குத்தூசியை எடு, பத்து ஓட்டை போடு. எவ்வளவு நேரமாகும்?"

"போட மாட்டேன். அந்தப் பொம்பளை மறுபடி துணியோட என் தம்பி பின்னால வரக் கூடாது."

"நீ போடலைன்னா நான் ரோரிகிட்ட சொல்லிடுவேன். அவனே போட்டுக்குவான்."

மோராக்குக்குத் தெரியும், அவன் போட்டுக்கொள்வான். அவள் எழுந்து நின்றாள்.

"உன் குட்டியை வலையிலிருந்து அறுத்துக் குடுத்தேனே, அன்னைக்கு என்ன சொன்ன? என்ன கேட்டாலும் தர்றேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"இப்பக் கேக்குறேன். இந்தக் கல்யாணம் முடியிற வரைக்கும் மனுசங்க யார்கிட்டயும் நீ வாயைத் திறக்கக் கூடாது. ரோரிகிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும். உன் குட்டி மேல சத்தியம் பண்ணு."

நீர்நாய் அவளையே பார்த்தது. "வேணாம் மோராக். இது நல்லதுக்கில்லை. வேற ஏதாவது கேளு."

"பண்ணு."

பண்ணியது. குட்டியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் ஆத்திரம்தான் வருகிறது. பாவி, பத்து ஓட்டை போட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? உடனே அவள் பதினான்கு வயதில் ஒரு நாலு வயதுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு விறகு பொறுக்கியது நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையை ஊர் சிரித்தால் அவள் எப்படித் தாங்குவாள்? திட்டவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

கல்யாண நாள் வந்தது. விடிந்து வெயில்கூட அடித்தது. அடுப்படியில் ரோரியை உட்கார வைத்தாள். வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து அளந்து மடித்தாள். செருப்பை மாட்டினாள். பச்சைத்தோல் வாரைக் கணுக்காலில் சுற்றி, கெண்டைக்காலில் குறுக்கும் நெடுக்குமாக ஏற்றி, மூன்று சுற்று முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள்.

"கால் எப்படிக் கதகதன்னு இருக்கு தெரியுமாக்கா! பொறந்ததிலிருந்து என் காலு இப்படி இருந்ததில்லை" என்றான் ரோரி. எழுந்து நின்று குதித்துக் காட்டினான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். முன்னால் ஒருவன் பைப் என்கிற தோல்பை வைத்த ஊதுகுழலை ஊதிக்கொண்டு போனான். எல்லைக்கல்லில் எல்லோரும் கத்தியை எடுத்து வைத்தார்கள். மோராக்கும் தன் சின்னக் கத்தியை வைத்தாள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் கால் மைலில் ஆறு.

ஆற்றைப் பார்த்ததும் பைப் நின்றுவிட்டது. தண்ணீர் காவி நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. பதினோரு கல்லில் இரண்டுதான் வெளியே தெரிந்தன. மற்றவை இருந்த இடத்தில் தண்ணீர் மேடாக எழும்பி விழுந்தது. அக்கரையில் பெண்வீட்டார் வந்து நின்றிருந்தார்கள். ஷோனா தலையில் பூ வைத்திருந்தாள். பக்கத்தில் மெய்ரி. அவள் தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி.

"கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடவாக்கா? அந்தக் கரையில போய் மாட்டிக்கிறேன்."

"முடிச்சை அவுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல? ஷோனாதான் அவுக்கணும். மெதுவாப் போ. கல்லு மேலயே போ."

ரோரி கரையோரப் பாறையைப் பார்த்தான். நீர்நாய் உட்கார்ந்திருந்தது, காலடியில் குட்டி.

"என்ன, எப்படி இருக்கு இன்னிக்கு?" என்று கேட்டான்.

நீர்நாய் வாயைத் திறந்தது. குட்டியைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி மோராக்கைப் பார்த்தது. அது எதற்காகப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியும். "பேசு" என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அக்கரையைப் பார்த்தாள். மெய்ரியின் தோளில் அந்தத் துணி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீர்நாய் வாயை மூடிக்கொண்டது.

"இன்னிக்கு ஐயாவுக்குக் கோபம் போல" என்று ரோரி சிரித்தான். "பயப்படுறதுக்கு ஏதாவது இருந்தா சொல்லியிருக்குமே." காலை வைத்தான்.

முதல் நாலு கல் நன்றாகத்தான் போனான். ஐந்தாவது கல்லில் தண்ணீர் கெண்டைக்கால் வரை ஏறிச் செருப்பின் வாய்க்குள் இறங்கியது. போனது போனதுதான், வெளியே வரவில்லை. வெள்ளைக் கம்பளி குடிக்கக் குடிக்க ஊதியது. ஆறாவது கல்லுக்குக் காலைத் தூக்கியபோது, யாரோ காலைப் பிடித்துத் தொங்குவதுபோல இருந்தது. அடி தவறியது. இடுப்பு ஆழத்தில் விழுந்தான். வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே போய் இறுகிக்கொண்டது.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். குனிந்து வாரின் முனையைப் பிடித்தான். அவிழ்த்தால் கால் செருப்பை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும்.

"அவுக்காதடா!" என்று கரையிலிருந்து கத்தினாள் மோராக். "ரோரி, முடிச்சை அவுக்காத! ஆளுங்க வர்றாங்க, இழுத்துடுவாங்க!"

பத்து வயதில் கேட்டான், இருபது வயதில் கேட்டான், இப்போதும் அக்கா சொன்னதைக் கேட்டான். கையை எடுத்துவிட்டான்.

நாலு பேர் கைகோத்து இறங்கினார்கள். அவர்கள் காலில் பழைய ஓட்டைச் செருப்பு. தண்ணீர் வந்தது, போனது. கல் கல்லாகக் கால் ஊன்றி அவனிடம் போய்விட்டார்கள். தோளைப் பிடித்து இழுத்தார்கள். கால் வரவில்லை. மறுபடி இழுத்தார்கள். ரோரி வலியில் அலறினான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. இப்போது அவனே முங்கி முடிச்சைத் தேடினான். பச்சைத்தோல் ஊறிப் பருத்து, மூன்று சுற்றும் ஒரே கட்டியாகியிருந்தது. நகம் பெயர்ந்தது, முடிச்சு அசையவில்லை.

"கத்தி!" என்று கத்தினான். "அக்கா, கத்தி!"

பன்னிரண்டு பேர். ஒருவர் இடுப்பிலும் கத்தி இல்லை. அக்கரையிலும் இல்லை. மோராக் திரும்பிச் சரிவில் ஓடினாள். ஏற்றம், சேறு, விழுந்து எழுந்து ஓடினாள். அவள் பின்னால் "அக்கா, அக்கா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

நீர்நாய் அதற்குள் தண்ணீருக்குள் பாய்ந்திருந்தது. பேசத்தான் முடியாது, பல் இருக்கிறதே. அடியில் போய் வாரைக் கடித்தது. ஊறிப் பருத்த பச்சைத்தோல், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சுற்று. கடித்துக் கடித்து ஒரு சுற்றை அறுத்தது. மேலே மூச்சு வாங்க வந்தபோது, மலைப் பக்கமிருந்து ஒரு பைன் மரம் வேரோடு மிதந்து வந்து நாலு பேரையும் கரைப் பக்கம் தள்ளிவிட்டது. ரோரியின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்த கைகள் நழுவின.

மோராக் கத்தியோடு வந்தபோது ஆற்றில் குரல் இல்லை. நீர்நாய் நீந்தி வந்து அவள் கையிலிருந்து கத்தியை வாயால் கவ்விக்கொண்டு முங்கியது. இரண்டாவது சுற்று அறுந்தது. மூன்றாவது அறுந்தது. ரோரி மேலே வந்தான், முகம் கவிழ்ந்து.

ஆறு அவனை அக்கரையில்தான் ஒதுக்கியது. நீர்நாய் திருப்பிக் கொடுத்த கத்தியோடு, மற்றவர்கள் கையைப் பிடித்து மோராக்கும் கடந்து போனாள். மெய்ரியின் வீட்டுக்குத்தான் தூக்கிப் போனார்கள், வேறு எங்கே போவது? வாசற்படியிலிருந்து நடுவீடு வரை தரையெல்லாம் தண்ணீர். மெய்ரியின் தோளில் துணி இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வலது செருப்பு ஆற்றுக் கல்லுக்கு நடுவிலேயே தங்கிவிட்டது. இடது செருப்பு காலில் இருந்தது. அக்காள் முடிச்சு அப்படியே இருந்தது.

ஷோனா அவன் காலடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வழக்கப்படி அது அவள் செய்ய வேண்டியதுதானே? நெடுநேரம் பார்த்தாள். விரலில் ரத்தம் வந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மோராக் கத்தியை நீட்டினாள். கூட்டம் பின்வாங்கியது. அந்த வீட்டுக்குள் இருபது வருடமாக யாரும் கத்தியோடு வந்ததில்லை.

"குடு அவகிட்ட" என்றாள் மெய்ரி.

ஷோனா அறுத்தாள். செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும், மடமடவென்று கொட்டியது. மோராக் செய்த தையலில் எந்த இடத்திலும் ஒரு சொட்டுக்கூடக் கசிந்திருக்கவில்லை. அவ்வளவு நல்ல வேலை. அதைப் பார்த்துத்தான் மோராக் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான் கொன்னேன்" என்றாள். "அவுக்க வந்த கையை நான்தான் தடுத்தேன். சொல்ல வந்த வாயையும் நான்தான் அடைச்சேன்."

மெய்ரி அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "நானும்தான்" என்றாள். "நீ எதுக்கு ஓட்டை போடலைன்னு எனக்குத் தெரியாதா?" பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எங்க அண்ணன் கத்தியால செத்தான். இந்தப் பையன் கத்தி இல்லாம செத்தான். இனிமே இந்த வீட்டு வாசல்ல வர்ற ஆம்பளை எவனா இருந்தாலும் ஒரு சின்னக் கத்தி வச்சிருக்கட்டும். காலுறையில, வலது கால்ல, குனிஞ்சா கைக்கு எட்டுற இடத்துல. ஆனா ஒளிச்சு வைக்கக் கூடாது. பிடி வெளிய தெரியணும். நான் பார்க்கணும்."

மறுநாள் அடக்கம். மோராக் அந்த ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக் குத்தூசியால் சுற்றிலும் ஓட்டை போட்டாள். பத்து ஓட்டை. எவ்வளவு நேரமாகும் என்று நீர்நாய் கேட்டதே, ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. செருப்பை அவன் காலில் மாட்டினாள். வாரைக் கட்டாமல் விட்டாள். வலது காலுறையின் மடிப்பில் தன் கத்தியைப் பிடி தெரியச் செருகினாள். அப்படியே புதைத்தார்கள்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனாள். நீர்நாய் பாறையில்தான் இருந்தது.

"சத்தியத்தை விட்டுட்டேன்" என்றாள். "பேசு. என்னைத் திட்டு. என்ன வேணும்னாலும் சொல்லு."

நீர்நாய் வாயைத் திறந்தது. குட்டியைப் பார்த்தது, மூடிக்கொண்டது. கல்யாணம் முடியும் வரை என்றுதானே குட்டி மேல் சத்தியம்? அந்தக் கல்யாணம் முடியவே இல்லை. இனி முடியப் போவதும் இல்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. மோராக் வருடக்கணக்காக அந்தக் கரைக்கு வந்தாள். ஒரு சொல் கிடைக்கவில்லை. இன்றும் நீர்நாய் மனிதனைக் கண்டால் தலையைத் தூக்கி, ஏதோ சொல்ல வருவதுபோல ஒரு நிமிடம் பார்க்கும். பிறகு சத்தமில்லாமல் முங்கிவிடும்.

அந்த நாளிலிருந்துதான் கில்ட் கட்டுகிறவன் வலது காலுறையில் சின்னக் கத்தியின் பிடி எட்டிப்பார்க்கிறது. அந்த நாளிலிருந்துதான் அவன் ஷூவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தியிருக்கிறது, ஆறே இல்லாத ஊரில், காரில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகிறவன் ஷூவிலும்கூட. அந்த நாளிலிருந்துதான் அங்கே மாப்பிள்ளைக்கு வார் கட்ட யாரும் குனிவதில்லை, உடன்பிறந்தவளும் குனிவதில்லை. அவனே கணுக்காலைச் சுற்றிக் கட்டுகிறான். கட்டி முடித்ததும் முனையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்கிறான், அவிழ்கிறதா என்று.